அறுபது வருட மரம்

கட்டிடம் சிவந்தபோது மணி காலை பதினொன்று.

அதுவரை அது பச்சையாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கப்படாத அந்தக் குழந்தைகள் மருத்துவமனை, அரங்கின் பெரிய திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதை வடிவமைத்தவள் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா போலீஸில் குற்றப்பிரிவு ஆய்வாளர். அன்று விடுப்பு. "என்னாலதான் வர முடியலை, நீயாவது போய் உன் தங்கச்சி பேசுறதைப் பாரேன்" என்று அம்மா போன்மேல் போன் போட்டதால் வந்திருந்தாள்.

"ஒரு கட்டிடம் எவ்வளவு கரண்டு இழுக்குதுன்னு மட்டும் பாத்தா போதாது" என்றாள் தங்கை. "அது பிறக்கிறதுக்கு முன்னாடியே செலவு ஆரம்பிச்சிடுது. மணலைத் தோண்டுறோம், சிமெண்டைச் சுடுறோம், மரத்தை அறுத்து லாரியில ஏத்துறோம். கட்டின பிறகு வருஷக்கணக்கா ரிப்பேர். கடைசியில இடிக்கிறோம். இடிச்சதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுறோம்? இதையெல்லாம் சேத்துப் பாத்தாத்தான் பூமிக்கு இந்தக் கட்டிடம் எவ்வளவு பாரம்னு தெரியும். எங்க மாடல்ல ஒவ்வொரு கதவுக்கும் ஜாதகம் இருக்கு. எங்கே பிறந்துச்சு, எப்ப சாகும், செத்த பிறகு என்னவாகும், எல்லாமே."

கைதட்டல் எழுந்தது. ஆய்வாளரும் தட்டினாள். நாலு பேர் பார்க்கிறார்களே.

தேர்வுக் குழுவின் தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முழு ஆயுள் கணக்கைக் காட்டுங்க."

தங்கை பொத்தானை அழுத்தினாள். பாரம் அளவோடு இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு.

ஜன்னல்கள் சிவந்தன. வெயில்தடுப்புச் சட்டங்கள் சிவந்தன. தரைப்பலகைகள், வெளிக்கதவுகள், உள்கதவுகள், கூரையின் உத்தரங்கள் என்று ரத்தம் பரவுவது போலப் பரவியது. கான்கிரீட் தூண்கள், அஸ்திவாரம், நடுவில் வளைந்து ஏறிய படிக்கட்டு, கூரை ஓடுகள் ஆகியவை மட்டும் பச்சையாக நின்றன. மூலையில் ஓடிய கூட்டுத்தொகை, போன வாரம் குழுவுக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிப் போய் நின்றது.

அந்த நொடியில் ஆய்வாளரின் நெஞ்சில் வெல்லக்கட்டி போல ஏதோ கரைந்தது. மகிழ்ச்சி. சந்தேகமே இல்லை, அது மகிழ்ச்சிதான். அடுத்த நொடியே அவளுக்குக் காது சுட்டது.

"போன வாரம் கொடுத்த எண் வேற, இன்னைக்குத் திரையில வர்ற எண் வேற" என்றார் தலைவர். "ரெண்டுல எது பொய்? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள விளக்கம் வரணும். இல்லைன்னா இந்த வேலை உங்களுக்குக் கிடையாது. தெரிஞ்சே பொய்க்கணக்கு கொடுத்ததா இருந்தா, உங்க தொழில் உரிமத்தைப் பத்தியும் பேச வேண்டியிருக்கும்."

தங்கை மேடையிலிருந்து கடைசி வரிசையைத்தான் பார்த்தாள். சின்ன வயதில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் பார்க்கிற அதே பார்வை.

மதியம் அவர்களுடைய அலுவலகத்தில் எல்லாரும் கூடினார்கள். எல்லாரும் என்றால் ஐந்து பேர். அலுவலகத்தை நடத்துகிற அம்மாள். அவரை யாரும் 'மேடம்' என்று தவிர வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை. மூத்த கட்டிடக் கலைஞர். அடர்ந்த மீசையால் அவருக்கு மீசை என்றே பெயர் நிலைத்துவிட்டது. தங்கை. தங்கையின் கணவர், அதே அலுவலகத்தில் கட்டமைப்புப் பொறியாளர், ஆய்வாளருக்கு மாப்பிள்ளை. ஐந்தாவது ஆள் டிஜிட்டல் மாடலைப் பராமரிப்பவர். நாற்பது வயது, ஒல்லி. மாடல் அறையின் சாவி எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அதனால் அவர் பெயரும் சாவி.

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?" மேடத்தின் குரல் உயர்ந்தது. "எல்லா மரச்சாமானுக்கும் ஆயுள் அறுபது வருஷம்னு இருந்தது. இப்ப அஞ்சுன்னு இருக்கு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அத்தனை மரத்தையும் மாத்தினா, ஒரு கட்டிடத்துக்குப் பன்னிரண்டு கட்டிடத்து மரம். பாரம் ஏறாம என்ன செய்யும்? நேத்து மதியச் சாப்பாட்டு நேரத்துல, மாடல் அறைக் கம்ப்யூட்டர்லதான் இது மாறியிருக்கு. அறை பூட்டியிருந்தது. கதவு பதிவுல யாரும் உள்ளே போகலை. சாவி ஒரே ஒருத்தர் கழுத்துல. நான் போலீஸுக்கு எழுதிக் கொடுக்கப் போறேன்."

சாவி கழுத்துக் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க மேடம்" என்றாள் ஆய்வாளர். "அப்புறம் எழுதலாம். எழுதினா எப்படியும் எங்க ஆளுங்க மேசைக்குத்தான் வரும்."

அவள் முதலில் சாவியைத் தனியாகக் கூட்டிப் போனாள். மாடல் அறை கண்ணாடிச் சுவர் வைத்த சிறிய அறை. ஒரு மேசை, இரண்டு திரை, ஒரு நாற்காலி.

"நேத்து மதியம் எங்கே இருந்தீங்க?"

"பூங்காவுல. அங்கேதான் சாப்பிடுவேன்."

"யார் கூட?"

"தனியா. அணில் பாத்திருக்கும், சாட்சிக்கு வராது."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "மாடலை எப்ப முடிச்சு அனுப்பினீங்க?"

"சாப்பிட்டு வந்ததும். எங்ககிட்ட பொருள் நூலகம்னு ஒண்ணு இருக்கு. சிமெண்டு, கண்ணாடி, மரம், எல்லாத்தோட விவரமும் அதுல இருக்கும். மரத்தோட ஆயுள் அறுபதுன்னு அங்கே ஒரு இடத்துல போட்டா போதும், கட்டிடத்துல இருக்கிற அத்தனை மரமும் அங்கேயிருந்து எடுத்துக்கும். தினமும் சாப்பாட்டு நேரத்துல மாடல் தானா நூலகத்துக்குப் போய்ப் புதுசா ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு வரும். நேத்தும் போயிட்டு வந்துச்சு. நான் வந்து முத்திரை வெச்சு அனுப்பிட்டேன். முத்திரை வெச்சுட்டா அப்புறம் அது நூலகத்துக்குப் போகாது."

"அனுப்புறதுக்கு முன்னாடி நிறத்தைப் பாக்கலையா?"

"நேத்து காலையில பாத்தேன், பச்சை. மறுபடியும் பாக்கலை. அது என் தப்புதான்."

"நூலகத்துல யாரோ அஞ்சுன்னு மாத்தியிருக்கலாம் இல்லையா?"

"எனக்கும் முதல்ல அதான் தோணுச்சு. இன்னைக்குக் காலையில திரை சிவந்ததும் ஓடிவந்து நூலகத்தைத்தான் பாத்தேன். அறுபதுன்னு அப்படியே இருக்கு. அங்கேதான் எனக்கு மூளை நின்னுபோச்சு."

அடுத்து மீசை. அவர் எதையும் மறைக்கவில்லை.

"பொறாமைதான். எழுதிக்குங்க. உங்க தங்கச்சி சிரிச்சா எனக்குப் பல்லு கூசுது. இருபது வருஷமா இங்கே குப்பை கொட்டுறேன். என் கட்டிடத்துப் படம் எந்தப் பத்திரிகையிலயாவது வந்திருக்கா? நேத்து வந்தவ, அவளோட படிக்கட்டு அட்டையில வருது. எங்கே போனாலும் 'அந்தப் படிக்கட்டு உங்க ஆபீஸ்தானே'ன்னு கேக்குறாங்க. என் கையில ஒரு சுத்தியலைக் கொடுத்தா முதல் அடி அதுமேலதான்."

"நேத்து மதியம்?"

"பல் டாக்டர்கிட்ட."

"பல்லு உண்மையிலேயே கூசுதா?"

"பின்ன, சும்மா சொல்லுவேனா?"

ஆய்வாளருக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. தனக்குள்ளே பூட்டி வைத்திருக்கிறதை இவர் நடுக்கூடத்தில் விரித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

வாசலில் அந்தப் பத்திரிகை அட்டையைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வரைபடத்தில் மருத்துவமனைப் படிக்கட்டு நதி வளைவது போல வளைந்து ஏறியது. பாதி உயரத்தில் ஓர் இடத்தில் மட்டும் படி அகன்று, சின்ன மேடை போல விரிந்திருந்தது. கீழே தங்கையின் பெயர்.

"ஏண்டி, இந்த இடத்துல மட்டும் ஏன் இவ்வளவு அகலம்?" என்று கேட்டாள் ஆய்வாளர்.

தங்கை களைத்த கண்களால் படத்தைப் பார்த்தாள். "அதுவா? பாக்க நல்லா இருக்கும்லக்கா. நீளமா ஏறுற இடத்துல கண்ணுக்கு ஒரு நிறுத்தம். இப்ப அதுவா முக்கியம்? என் பேரே போகப் போகுது."

"உன்னை யாருக்குப் பிடிக்காது?"

"மீசைக்கு. வேற யாரும் இல்லை." கொஞ்சம் தயங்கினாள். "நீ என்னை எப்பவும் பிடிக்காத மாதிரிதான் பாக்குற. அதுக்காக உன்னையா சந்தேகப்பட முடியும்?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். 

சாயங்காலம் தங்கை வீட்டில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாப்பிள்ளை ஓர் ஆரஞ்சை உரித்தார். சுளைமேல் ஒட்டிய வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்தார். விதையைப் பிதுக்கினார். பிறகு சுளைகளை மனைவியின் தட்டில் வட்டமாக அடுக்கினார். அவள் திரும்பிப் பார்க்காமலே எடுத்துத் தின்றாள்.

ஆய்வாளர் அந்தச் சுளைகளையே பார்த்தாள். தங்கையின் பெயர் செய்தித்தாளில் வரும்போதுகூட அவளுக்கு இவ்வளவு எரிந்ததில்லை. அவளுக்காக யாரும் இதுவரை ஒரு சுளையின் நாரை எடுத்ததில்லை. அவளுடைய கல்யாணம் முடிந்த வேகத்திலேயே முறிந்த கதை ஊருக்கே தெரியும். ஒரே வயிற்றில் பிறந்த ஒருத்திக்கு இப்படி உரித்துக் கொடுக்க ஆள். இன்னொருத்திக்கு ஸ்டேஷன் டீ.

தங்கை முகம் கழுவ எழுந்து போனாள். ஆய்வாளர் பேச்சுக்காகத்தான் தொடங்கினாள். "அந்தப் படிக்கட்டு நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை. நடுவுல அந்த மேடை அழகா இருக்கு."

"அழகுக்காக இல்லக்கா." மாப்பிள்ளையின் முகத்தில் அன்று முதன்முறையாக வெளிச்சம் வந்தது. கையிலிருந்த தோலை மேசைமேல் வளைத்து வைத்து, விரலால் ஏறிக் காட்டினார். "ஆபரேஷன் ஆன குழந்தையை மொதல் தடவை நடக்க விடுறப்ப, பாதிப் படியில கால் தளரும். சரியா அங்கே உக்காரணும். பக்கத்துல அம்மாவும் உக்காரணும். மத்தவங்க இடிக்காம ஏறிப் போகணும். உக்காந்தா எதிர்ல ஜன்னல், ஜன்னல்ல மரம். அதனாலதான் அந்த உயரம், அந்த அகலம்."

"தங்கச்சி சொன்னாளா?"

விரல் நின்றது. "ஆமா. அவதானே வரைஞ்சா."

அவர் தோல்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார்.

மறுநாள் காலை ஆய்வாளர் நேராக மாடல் அறைக்குப் போனாள். மேடமும் வந்து நின்றார். சாவி நூலகத்தைத் திறந்து காட்டினார். மரம், ஆயுள் அறுபது.

"இதைக் கடைசியா யாராவது தொட்டது எப்பன்னு தெரியுமா?"

சாவி ஏதோ தட்டினார். குனிந்து பார்த்தார். மீண்டும் தட்டினார். "முந்தாநாள். சாயங்காலம். நான் மாடலை அனுப்பினதுக்கு அப்புறம்." அவர் நிமிர்ந்தார். "ஆனா எண் மாறலையே? போன மாசமும் அறுபது, இப்பவும் அறுபது. எண் சரியா இருந்ததால நான் இதைப் பாக்கவே இல்லை."

"அறுபதை எடுத்துட்டு அறுபதுன்னே எழுத யாருக்கு அவ்வளவு வெட்டி நேரம் இருக்கு?" என்றாள் ஆய்வாளர். "நடுவுல வேற எண் இருந்தாத்தான் திரும்ப எழுதணும். முந்தாநாள் காலையில நீங்க பச்சையைப் பாத்த பிறகு யாரோ அஞ்சுன்னு போட்டிருக்காங்க. சாப்பாட்டு நேரத்துல மாடல் தானா போய் அந்த அஞ்சை எடுத்துக்கிட்டு வந்துடுச்சு. நீங்க வந்து முத்திரை வெச்சு அனுப்பிட்டீங்க. சாயங்காலம் அந்த ஆள் மறுபடியும் அறுபதுன்னு எழுதிட்டார். பூட்டின அறைக்குள்ள யாரும் போகவே இல்லை மேடம். போக வேண்டிய அவசியமே இல்லை."

மேடம் திரைக்கு அருகே வந்தார். "அப்ப நூலகத்துல யார் கை வெச்சாங்கன்னு..."

"தெரியாது" என்றார் சாவி. "நூலகத்துக்கும் சரி, மாடலுக்கும் சரி, ஆபீஸ்ல எல்லாரும் அவங்கவங்க மேசையிலிருந்து ஒரே லாகின் பேர்லதான் உள்ளே போறோம். ஆளுக்கு ஒரு பேர் வாங்குங்கன்னு நான் கரடியா கத்தினேன்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆய்வாளர் திரையில் சுழன்ற சிவப்புக் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று எல்லாரும் சிவந்ததைப் பார்த்தார்கள். அவளும் அதைத்தான் பார்த்தாள். பார்த்து உள்ளூர ருசித்தாள்.

"அந்தப் படிக்கட்டு எதுல செய்யறது?"

"மரம்தான்."

"எந்த மரம்?"

"ஜன்னல் கதவுக்குப் போடுற அதே மரம்."

"அப்புறம் ஏன் அது மட்டும் பச்சை?"

"உள்ளே இருக்கில்ல?" என்றார் மேடம். "வெயில், மழை படாது."

"உள்கதவும் உள்ளேதானே இருக்கு மேடம்? அது சிவந்து கிடக்கே."

சாவி படிக்கட்டைத் தொட்டார். அதன் ஜாதகம் விரிந்தது. ஆயுள் அறுபது என்பது கையால் எழுதப்பட்டிருந்தது. நூலகத்தோடு அதற்கு இருந்த தொடர்பை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். நூலகத்தில் என்ன மாறினாலும் இதைத் தொடாது.

"இதை நான் செய்யலை" என்றார் சாவி மெதுவாக. "இப்படிச் செய்ய ஒரு காரணமும் இல்லையே."

"ஒரு காரணம் இருக்கு" என்றாள் ஆய்வாளர்.

அவள் வெளியே வந்து, அலுவலகத்தின் பின்புறம் கார்கள் நிற்கிற இடத்தில் ஒரு சுவரோரமாக நின்றாள். விடை கிடைத்துவிட்டது. வீட்டைக் கொளுத்துகிறவன், உள்ளேயிருந்து ஒரே ஒரு பொருளை முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழித்திருக்கிறான். அந்தப் பொருள் யாருக்குச் செல்லமோ அவன்தான் ஆள். மீசைக்கு அது கண்ணில் விழுந்த தூசு. அவர் செய்திருந்தால் முதலில் அதுதான் சிவந்திருக்கும். சாவிக்குக் கதவும் ஒன்றுதான், படியும் ஒன்றுதான். மேடத்துக்கு முழு வேலையும் வேண்டும். தங்கைக்கு முழுக் கட்டிடமும் தன்னுடையது. ஒரு படிக்கட்டை மட்டும் காப்பாற்ற அவளுக்கு என்ன தலையெழுத்து?

மிச்சம் ஒருவர்.

அந்தப் பெயரை மனதில் சொல்லிப் பார்த்தபோது, நேற்று அரங்கில் கரைந்த அதே வெல்லம் மறுபடியும் கரைந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இத்தனை வருடப் பணியில் அவள் தன் கண்ணைச் சந்தேகப்பட்டதில்லை. இப்போது சந்தேகப்பட்டாள். தங்கையின் வீடு இடியவேண்டும் என்று எங்கோ ஒரு மூலையில் ஆசைப்படுகிற கண்ணுக்கு, சுவரில் விரிசல் இல்லாவிட்டாலும் விரிசல் தெரியும். ஆரஞ்சுச் சுளைக்கு வயிறெரிந்தவள் சொல்கிற தீர்ப்பை அவளே நம்பத் தயாராக இல்லை.

எனவே தன் வாயால் சொல்லக்கூடாது. அந்த ஆள் வாயால் வரவேண்டும்.

பிற்பகலில் ஐவரையும் மாடல் அறைக்கு அழைத்தாள். உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"நூலகத்துல யாரோ விளையாடியிருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எண்ணைத் திருத்திடலாம்" என்றாள். "ஆனா குழுவுக்கு நம்பிக்கை போயிடுச்சு. பாரத்தை இன்னும் குறைச்சாத்தான் பேசுவாங்களாம். அதனால நானும் மேடமும் ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். அந்தப் பெரிய படிக்கட்டை எடுத்துடலாம். மரம் நிறைய முழுங்குது. அந்த இடத்துல நேரா ஒரு சின்னப் படி போதும்."

இதில் குழுவைப் பற்றிச் சொன்னது முழுப் பொய். மேடத்திடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். மேடம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார்.

"ரெண்டு நாள்ல என் காதுல விழுந்த முதல் நல்ல சேதி" என்றார் மீசை.

ஆய்வாளர் தங்கையைப் பார்த்தாள். "நீ என்னடி சொல்ற?"

தங்கை ஒரு மூச்சு விட்டாள். "எடுத்துடுங்க. வேலை கைக்கு வந்தா போதும். படிக்கட்டு எப்ப வேணும்னாலும் வரைஞ்சுக்கலாம்."

"எடுங்க சாவி."

சாவி படிக்கட்டைத் தொட்டார். அதைச் சுற்றி வெள்ளைக் கோடு எழுந்தது. அவர் விரல் பொத்தானுக்கு மேலே போனது.

"எடுக்காதீங்க!"

மாப்பிள்ளை சுவரைவிட்டு முன்னால் வந்திருந்தார். "அதை எடுத்தா... அந்தக் குழந்தைங்க எங்கே உக்காரும்? நேர்ப்படியில பாதியில கால் தளர்ந்தா எங்கே உக்காரும்? யாரும் யோசிக்க மாட்டீங்களா? எப்ப வேணும்னாலும் வரைஞ்சுக்கலாமாம்! ஒவ்வொரு படியோட உயரத்துக்கும் நான் எத்தனை தடவை..."

நின்றுவிட்டார். 

"எத்தனை தடவை மாப்பிள்ளை?" என்றாள் ஆய்வாளர்.

அவர் தலை குனிந்தார்.

"இந்தப் படிக்கட்டை வரைஞ்சது நீங்க" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் வராமல் பார்த்துக்கொண்டாள். "ஏன் அகலம்னு அவகிட்ட கேட்டேன். பாக்க நல்லா இருக்கும்னா. உங்ககிட்ட கேக்கவே இல்லை, நீங்களே சொன்னீங்க. முந்தாநாள் காலையில நூலகத்துல அறுபதை அஞ்சாக்கினதும் நீங்க, சாயங்காலம் திரும்ப அறுபதாக்கினதும் நீங்க. அத்தனை மரத்தையும் சாகடிக்க உங்களுக்கு மனசு வந்துச்சு. இந்த ஒண்ணுமேல கை வைக்க மட்டும் மனசு வரலை. அதனால முன்கூட்டியே கழற்றி ஓரமா வெச்சுட்டீங்க. திரையில எல்லாரும் சிவப்பையே பாத்தோம். உங்களைக் காட்டிக்கொடுத்தது பச்சை."

"ஏங்க?" என்றாள் தங்கை. அது கேள்வியாகக்கூட வரவில்லை.

"நம்ம வீட்டுல, சாப்பாட்டு மேசையில வரைஞ்சேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "உன்கிட்ட காட்டினேன். நல்லா இருக்கேன்னு சொல்லி எடுத்துக்கிட்ட. எடுத்துக்கோன்னுதான் நானும் சொன்னேன். சந்தோஷமாத்தான் சொன்னேன். அப்புறம் அட்டையில வந்துச்சு. பேட்டியில, 'இந்த வளைவு உங்களுக்கு எப்படித் தோணுச்சு'ன்னு கேட்டாங்க. நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. 'ஆத்தோரமா நடந்தப்ப தோணுச்சு'ன்ன. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? பொண்டாட்டி புகழைப் பாத்து எரியுதுன்னா? தினமும் உனக்கு எல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்சேன், அது அடங்கிடும்னு. செய்யச் செய்ய ஏறுச்சு. உன்னை அழிக்கணும்னு நினைக்கலை. மேடையில ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ தடுமாறணும். மறுநாளே தப்பு எங்கேன்னு நானே கண்டுபிடிச்சுக் கொடுக்கிற மாதிரி கொடுத்திருப்பேன்."

"இவரை?" ஆய்வாளர் சாவியைக் காட்டினாள். இப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "நேத்து மதியம் மேடம் இவர்மேல பழியைப் போட்டப்ப நீங்களும் அந்த அறையிலதானே இருந்தீங்க? ராத்திரி முழுக்க இந்த மனுஷன் தூங்கியிருப்பாரா?"



மேடம் சாவியின் பக்கம் திரும்பினார். மன்னிப்பு என்ற சொல் அவருக்குப் பழக்கமில்லாததால் வர நேரமெடுத்தது. சாவி கேட்டுக்கொண்டார். "பரவாயில்லை மேடம். முதல்ல ஆளுக்கு ஒரு பேர் வாங்குங்க" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மரத்தையெல்லாம் நூலகத்தின் அறுபதோடு மறுபடி இணைத்தார். கட்டிடம் அடியிலிருந்து மேலாகப் பச்சையானது. 

மாலையில் தங்கை குழுவின் முன்னால் நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். யார் செய்தது, எப்படிச் செய்தது, கணக்கு எங்கே கெட்டது, எப்படிச் சரியானது எல்லாம் சொன்னாள். கடைசியில், கேட்கப்படாமலே, "படிக்கட்டு என்னுடையது இல்லை. என் கணவர் வரைஞ்சது. இத்தனை நாள் என்னுடையதுன்னு சொன்னது நான்" என்றாள். தலைவர் கணக்கை ஏற்றுக்கொள்வதாகவும், வேலை யாருக்கு என்பதை போட்டிக்கு வந்த மற்ற அலுவலகங்களோடு சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றும் சொன்னார். மாப்பிள்ளை அன்றே அலுவலகத்தை விட்டு விலகியிருந்தார். வாசல்வரை போய்விட்டு, திரும்பி வந்து சாவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். சாவி கையை உருவிக்கொள்ளவும் இல்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

ஆய்வாளர் காரை எடுத்தாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு சிக்னல் தாண்டினார்கள்.

"அக்கா."

"ம்."

"நேத்து திரை சிவந்தப்ப உன் முகத்தைப் பாத்தேன். உனக்குச் சந்தோஷமா இருந்துச்சில்ல?"

பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. "இருந்துச்சு" என்றாள் ஆய்வாளர். "இன்னைக்குக் காலையில மாப்பிள்ளைதான்னு புரிஞ்சப்பவும் இருந்துச்சு. உன் வீட்டைப் பாத்து எனக்கு எத்தனை வருஷ எரிச்சல்னு உனக்குத் தெரியாது. அவர் முன்னால வந்து 'எடுக்காதீங்க'ன்னு கத்தினாரே, அந்த முகத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் இல்லை."

"ஏன்?"

"நாளைக்குக் கண்ணாடியில அதே முகத்தைப் பாக்கணுமேன்னு தோணுச்சு."

தங்கை அழ ஆரம்பித்தாள். ஆய்வாளர் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவள் அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அம்மாவிடமிருந்து போன் வந்தது. இருவரும் எடுக்கவில்லை.

"என்னால இப்ப வீட்டுக்குப் போக முடியாது" என்றாள் தங்கை, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவர் இருப்பார். இருந்தாலும் கஷ்டம், இல்லைன்னாலும் கஷ்டம். உன் வீட்டுக்கு வரட்டா?"

"ஒரே கட்டில்தான் இருக்கு."

"நகந்து படு."

"நீ உதைப்ப."

"உதைக்க மாட்டேன்."

"உதைப்ப" என்றாள் அக்கா. வண்டியைக் கிளப்பி, தன் வீட்டுப் பக்கம் திருப்பினாள்.